பள்ளம் வெட்டிய கிடாரும் தரை விட்ட ஊரும்

அரசடிப்பாளையத்து ஜனங்கள் முதன்முதலாகத் தரையை விட்டு எழும்பியது ஓர் ஆவணி மாதத்து வரவேற்பில், அன்னலட்சுமி மஹாலில், இரண்டாம் பந்திக்கு ரசம் வந்துகொண்டிருந்த நேரத்தில்; பெண் வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும், வாசலில் பன்னீர் தெளித்துக்கொண்டிருந்தவளும், ரசவாளியைத் தூக்கி வந்தவனும், யாரென்றே தெரியாமல் சாப்பிட வந்திருந்த நாலைந்து பேரும், எல்லாரும் ஒருசேர நாலு விரற்கடை உயர்ந்து, ஒரு பல்லவியின் கடைசி ஸ்வரம் நீண்ட நேரத்துக்கு அந்தரத்தில் நின்று, அது ஓய்ந்ததும் தொப்பென்று இருந்த இடத்துக்கே வந்து சேர்ந்தார்கள். யாரும் அலறவில்லை. பெண்ணின் அப்பா மட்டும் வேட்டியைச் சரிசெய்துகொண்டு மேடைப்பக்கம் வந்து, "ஏனுங்க, பந்தி நடக்கறப்ப மட்டும் வேண்டாமுங்க, ஊத்தறவன் கை எம்பி எலைக்கு வெளிய போகுது. பாயசம் முடிஞ்சப்பறம் எவ்வளவு வேணும்னாலும் தூக்குங்க" என்று கேட்டுக்கொண்டு போனார்.

தூக்கியவன் நாகமாணிக்கம், வயது நாற்பத்திரண்டு, ராகமாலிகா மெல்லிசைக் குழுவில் பதினெட்டு வருஷமாக லீட் கிடார் வாசிக்கிறவன். அந்த ஊரில் அவனுக்குப் பிடித்தது என்று சொல்ல எதுவும் இருக்கவில்லை. பாட்டு ஓடும்போது அப்பளம் நொறுக்குகிறவர்களைப் பிடிக்காது, பாட்டு முடிந்ததும் கை தட்டுகிறவர்களை அதைவிடப் பிடிக்காது, ஏனென்றால் அவன் உயிரைக் கொடுத்து வாசித்த நாளிலும் கம்பி அறுந்து ஒப்பேற்றிய நாளிலும் அவர்கள் ஒரே அளவாகத்தான் தட்டினார்கள். குழுவின் தலைவரும் கீபோர்டுக்காரருமான ஜெகநாதன் ஒரு பட்டனைத் தட்டி முப்பது வயலின்களை வரவழைப்பதைப் பார்க்கும்போதெல்லாம், பவுடர் பாலில் டீ போடுகிறவனைப் பார்ப்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொள்வான். பெண் பார்க்கப் போன மூன்று வீடுகளிலும் டி.வி.யில் ஓடிய பாட்டுக்குச் சுருதி சரியில்லை என்று சொல்லிவிட்டு வந்ததால் அவனுக்குக் கல்யாணமும் ஆகவில்லை; மூன்று வீட்டாரும் செவிட்டு முண்டங்கள் என்று முடிவு கட்டி, அதையும் அவன் ஒரு லாபமாகவே எடுத்துக்கொண்டான்.

அவன் மதித்தது ஒரே ஒரு ஆளைத்தான். குழுவின் பாடகி சாரதாமணி, அவனைவிட நாலு வயது மூத்தவள், பகலில் தையல் கடை, மாலையில் பாட்டு, புருஷன் போனபிறகு ஒற்றை மகளைத் தையல் மெஷினையும் தொண்டையையும் வைத்தே வளர்த்தவள். பக்கத்து வீட்டுக் குக்கர் விசிலடித்தால், உட்கார்ந்த இடத்திலிருந்தே, "ருக்மணி, விசில் கொஞ்சம் இறங்கிக் கேக்குது, ரப்பரை மாத்து" என்று குரல் கொடுக்கிற காது அவளுக்கு. அந்தக் காதுக்காக மட்டும்தான் நாகமாணிக்கம் பதினெட்டு வருஷமாக ஊரை விட்டுப் போகாமல் இருந்தான் என்று சொன்னால் தப்பில்லை, ஆனால் அவனிடம் கேட்டால் பஸ் வசதி சரியில்லை என்பான்.

கிடாருக்குப் பள்ளம் வெட்டலாமா வேண்டாமா என்று அந்த ஆவணி வரவேற்புக்கு முன்னால் அவன் நாலு மாதம் யோசித்திருந்தான். கைபேசியில் ஒரு வெளிநாட்டுக்காரன் வாசிப்பதைப் பார்த்ததிலிருந்து வந்த யோசனை அது. அந்த வெளிநாட்டுக்காரனின் கிடாரின் கழுத்தில், ஃப்ரெட் என்கிற குறுக்குத் தகடுகளுக்கு நடுவே இருக்கும் மரத்தைத் தோணி தோணியாகக் குடைந்து எடுத்திருந்தார்கள். விரல் கம்பியை மட்டுமே தொடும், மரத்தைத் தொடாது, அதனால் கம்பியை வளைத்து இழுத்து, ஒரு ஸ்வரத்தை ஊஞ்சலாட்டுவதுபோல ஆட்ட முடியும். வீணைக்காரர்கள் செய்கிற கமகத்தை ஒரு மின்சாரக் கிடாரில் அப்படியே கொண்டுவரலாம். கோயம்புத்தூரில் கிடார் பழுதுபார்க்கும் கடை ஒன்றுக்குப் போய் விசாரித்தான். கடைக்காரர் அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "உங்க கை எப்படிங்க? தொடற கையா, அமுக்கற கையா?" என்றார்.

"பதினெட்டு வருஷக் கைங்க."

"வருஷம் கேக்கலீங்க. அமுக்கற கைக்கு இது ஆகாதுங்க. அடியில மரம் இல்லீங்களா, கொஞ்சம் அமுக்குனாலும் கம்பி உள்ள போகும், சுருதி மேல ஏறிக்கும். எல்லாக் கம்பியையும் ஒண்ணா அமுக்கிக் கார்டு புடிச்சீங்கன்னா ஆறு கம்பியும் ஆறு வழி போகும். மொதல்ல கடைசி நாலஞ்சு பள்ளம் மட்டும் வெட்டி வாசிச்சுப் பாருங்க, சரிப்பட்டா மீதியை வெட்டலாம். என்கிட்ட ஒண்ணு முழுசா வெட்டுனது இருக்குது, இப்பவே வாசிச்சுப் பாக்கறீங்களா?"

வாசித்துப் பார்த்திருக்கலாம். ஆனால் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து திருப்புளி சுழற்றுகிறவன் தனக்குப் பரீட்சை வைப்பதா என்று நாகமாணிக்கத்துக்குச் சுர்ரென்று வந்தது. திரும்பி நடந்து, எதிர்ச் சாரியில் ஹார்டுவேர் கடையில் ஓர் அரைவட்ட அரமும் நாலு தினுசு உப்புத்தாளும் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினான். ஒன்பது நாள் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு, அராவி, ஊதி, தேய்த்து, மறுபடி அராவி, இருபத்தோரு பள்ளங்களையும் தானே வெட்டினான். வேலை சுத்தமாகத்தான் இருந்தது, அதில் குறை சொல்ல முடியாது. கைதான் அமுக்குகிற கை. இரைகிற ஆம்ப்ளிஃபயர்களையும் ஐந்நூறு பேர் பேச்சையும் மீறிக் கேட்க வேண்டுமென்று பதினெட்டு வருஷமாக அந்த ஜனங்களின் கழுத்தை நெரிப்பதுபோலக் கம்பியை நெரித்தே பழகிய கை. அந்தக் கையோடு அவன் அன்னலட்சுமி மஹாலில் மேடையேறினான், முதல் நீளமான ஸ்வரத்தை அமுக்கினான், அது முள் அளவு மேலே ஏறியது, ஜனங்களும் ஏறினார்கள்.

யார் எழும்புகிறார்கள், யார் எழும்பவில்லை என்பதை அவன் மூன்றாவது வரவேற்பிலேயே கண்டுபிடித்துவிட்டான். ஸ்வரம் தப்பாக இருப்பது கேட்கிறவர்கள் எழும்புவதில்லை. கேட்காதவர்கள் எழும்பினார்கள். ஆயிரம் பேர் கொண்ட கூட்டத்தில் அவனும் சாரதாமணியும் மாரியம்மன் கோயில் நாதஸ்வரக்காரரும் தரையில் நின்றார்கள். மஹாலின் பின்கட்டில் எச்சில் இலைக்குக் காத்திருந்த நாய்களும் தரையிலேயே நின்றன, அவற்றுக்குக் காது நன்றாக இருந்தது. கீபோர்டுக்கு முன்னால் ஜெகநாதனே ஒரு சாண் உயரத்தில் இரண்டு கையையும் நீட்டிக் கட்டைகளைத் தேடிக்கொண்டிருந்ததைப் பார்த்தபோது, நாகமாணிக்கத்துக்குத் தன் வாழ்நாளின் முதல் உண்மையான சந்தோஷம் உண்டாயிற்று. இத்தனை வருஷம் அவன் மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்ததை இப்போது ஊரே தன் காலால் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது.

ஊர் அதைப் பிரமாதமாக எடுத்துக்கொண்டது. ஐப்பசி பிறப்பதற்குள் கல்யாணப் பத்திரிகைகளில் "மாலை ஏழு மணிக்கு மெல்லிசை, தரை எழும்பல்" என்று அச்சடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். மஹால்காரர்கள் விழுந்தால் வலிக்காமலிருக்கக் கயிற்று விரிப்புப் போட்டார்கள். புடவைக் கரையைக் கணுக்காலோடு சேர்த்துக் குத்துவதற்கென்று ஒரு புது ஊக்கு சந்தைக்கு வந்தது. கோயிலில், கால் தரையில் படாதபோது செருப்பைக் கழற்ற வேண்டுமா வேண்டாமா என்று இரண்டு வாரம் தகராறு நடந்து, இறங்கித்தானே ஆக வேண்டும், கழற்றிவிடுவது என்று தீர்ப்பாயிற்று. மூட்டுவலிக்காரர்கள் அழைப்பில்லாமலே வரவேற்புகளுக்கு வந்து கடைசி வரிசையில் வலியில்லாமல் நின்றார்கள். புகைப்படக்காரர்கள் தரையில் குப்புறப் படுத்து, உள்ளங்காலுக்கும் தரைக்கும் நடுவிலுள்ள இடைவெளியைப் படமெடுத்தார்கள், அந்த இடைவெளியைத்தான் எல்லாரும் சட்டம் போட்டு வீட்டில் மாட்டினார்கள், அதில் பெண் மாப்பிள்ளை முகம் வராவிட்டாலும் யாரும் கேட்கவில்லை. தங்கள் வீட்டு விசேஷத்தில் எத்தனை விரற்கடை என்பதை வைத்து ஜனங்கள் ஒருவரை ஒருவர் எடை போட்டார்கள். சாண் எழும்பிய குடும்பம் நாலு விரற்கடைக் குடும்பத்தில் பெண் கொடுக்க யோசித்தது. பாட்டு என்ன பாட்டு என்று யாருக்கும் நினைவில்லை. முன்பும் இருந்ததில்லை.

"நாகு, இன்னிக்கு ஒரு முழம் கேக்கறாங்கப்பா" என்பார் ஜெகநாதன், மேடையேறுவதற்கு முன்னால், காதோடு. "மில்காரர் வீட்டு விசேஷம். கொஞ்சம் நல்லா அமுக்கிடு."

நாகமாணிக்கம் அமுக்கினான். அந்த ஜனங்களுக்கு இது போதும் என்று அமுக்கினான், இதற்கு மேல் எதுவும் இவர்களுக்குக் கொடுக்கக் கூடாது என்று அமுக்கினான், ஒவ்வொரு கல்யாணத்திலும் மேடையிலிருந்து அந்தரத்தில் தொங்கும் உள்ளங்கால்களின் வரிசையைப் பார்த்து, எண்ணெய்க் குளியல் போட்டும் வெடிப்புப் போகாத அந்தக் குதிகால்களைப் பார்த்து, உதட்டோரம் சிரித்துக்கொண்டே அமுக்கினான். சாரதாமணி பாடும்போது மட்டும் ஓரளவு கையை அடக்குவான். பிறகு அதையும் விட்டுவிட்டான். அவள் தன் ஸ்வரத்தைத் தன் இடத்தில் வைத்துவிட்டு அவன் ஸ்வரம் மேலே போவதைப் பக்கத்து வீட்டுச் சண்டையைக் கேட்பதுபோலக் கேட்டுக்கொண்டிருப்பாள்.

கார்த்திகை மாதம் ஒரு மத்தியானம் அவன் கால்சட்டையின் ஓரம் தைக்கக் கொடுக்க அவள் கடைக்குப் போனபோது, மெஷினை நிறுத்திவிட்டு அவள் சொன்னாள்: "நித்யகலாவுக்குத் தையில முகூர்த்தம் வெச்சிருக்குது. வரவேற்புக்கு நம்ம குழுதான். உன்கிட்ட ஒண்ணு கேக்கோணும்."

"சொல்லுங்க்கா."

"என்ற பொண்ணு கல்யாணத்துல ஒருத்தர் காலும் தரையை விடக் கூடாது."

"மாப்பிள்ளை வீட்டுக்காரங்க சும்மா இருப்பாங்களா? ஒரு சாணாவது இல்லாட்டி மூஞ்சியத் தூக்கிக்குவானுங்க."

"தூக்கிக்கட்டும். நான் அந்தக் கானடாப் பாட்டைப் பாடலாம்னு இருக்கறேன். அவளை மடியில போட்டுத் தூங்கவெச்ச பாட்டு. அதுக்கு நடுவுல ஒருத்தன் தொப்புனு விழுந்தா எனக்குத் தாங்காது."

"இதென்னக்கா பெரிய வித்தை" என்று நாகமாணிக்கம் சிரித்தான். "சுருதி சேத்து வாசிச்சா முடிஞ்சுது. இவனுகளுக்காகத்தான நான் ஏத்தி வாசிக்கறேன்."

"இவங்களுக்காகத்தானா?" என்றுவிட்டு மறுபடி மெஷினை மிதிக்க ஆரம்பித்தாள்.

அந்த வாரமே ஒரு பூப்புனித நீராட்டு விழா. ஒரு மாற்றத்துக்கு அன்றைக்குச் சரியாக வாசிப்பது என்று நாகமாணிக்கம் தீர்மானித்திருந்தான், அக்காவுக்கு மாதிரிக்கு வாசித்துக் காட்டுவதற்காக. சாரதாமணி பாடிக்கொண்டிருந்தாள், அவன் கண்ணை மூடி ஒரு ஸ்வரத்தைப் பிடித்து மெதுவாக ஆட்டினான், அது மிகச் சரியான இடத்தில் இருப்பதாக அவனுக்குக் கேட்டது, தேன் மாதிரி இருந்தது, அடடா என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு கண்ணைத் திறந்தான். சாரதாமணியின் தலை வகிடு தெரிந்தது. நடுவகிடு, அதில் நாலைந்து நரை. எதற்கு இவள் பாடும்போது குனிகிறாள் என்று எரிச்சலாக வந்தது. அவள் குனியவில்லை. நிமிர்ந்து மைக்குக்கு நேரே நின்று அவனை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் தன் காலைப் பார்த்தான். பாலீஷ் போட்ட இரண்டு ஷூவும், மேடைக் கம்பளத்துக்கு ஒரு சாண் மேலே, ஜெகநாதனின் செருப்புக்குச் சமமான உயரத்தில், மாவு மூட்டை தொங்குவதுபோலத் தொங்கிக்கொண்டிருந்தன.

பாட்டு முடிந்ததும் அவனும் தொப்பென்று கம்பளத்தில் இறங்கினான். கூட்டம் கை தட்டியது, எப்போதும் தட்டுகிற அளவு.

ஆறு நாள் அவன் வெளியே வரவில்லை. கைபேசியில் சுருதி காட்டும் முள்ளை வைத்துக்கொண்டு வாசித்துப் பார்த்தான். சரி என்று காது சொன்ன இடத்தில் முள் வலது பக்கம் சாய்ந்து நின்றது, முள் நேராக நின்ற இடம் காதுக்குத் தொய்ந்து, சோகை பிடித்ததுபோலக் கேட்டது. நாலு மாதம் ஊரை ஏளனம் செய்து வாசித்ததில் ஏறிப்போன ஸ்வரமே அவனுக்குச் சொந்தக் காதாகியிருந்தது. டி.வி. பார்த்துக்கொண்டிருந்த அந்த மூன்று வீட்டாரை நினைத்தான். மஹாலில் ஜனங்கள் எழும்பும்போது அவர்கள் முகத்தில் என்ன பாவம் இருந்தது என்று நினைவுபடுத்திப் பார்த்தான், வரவில்லை, அவன் முகங்களைப் பார்த்ததே இல்லை.

ஏழாம் நாள் கோயம்புத்தூர் போனான். கடைக்காரர் கிடாரை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, "அராவுனது நல்லா இருக்குதுங்க" என்று மட்டும் சொன்னார். அந்த ஒரு வார்த்தை அவனைக் கன்னத்தில் அறைந்ததுபோல இருந்தது. பள்ளமில்லாத சாதாரணக் கழுத்து ஒன்றை மாட்டித் தரச் சொல்லி, பழையதைத் துணியில் சுற்றி வாங்கிக்கொண்டு, நேராக சாரதாமணி வீட்டுக்கு வந்தான்.

அங்கே ருக்மணி இருந்தாள். பக்கத்து வீட்டுக்காரி, ஓட்டல்களுக்குச் சின்ன வெங்காயம் உரித்துக் கொடுக்கிறவள், நல்ல மனுஷி, ஆனால் சுருதிக்கும் அவளுக்கும் ஸ்நானப்பிராப்தி கிடையாது. முள் அளவு தப்பினாலும் எழும்பிவிடுவாள். பாயில் சம்மணமிட்டு உட்கார்ந்து அவள் வெங்காயம் உரிக்க, நாகமாணிக்கம் புதுக் கழுத்தில் வாசித்தான். எவ்வளவு அமுக்கினாலும் அடியில் மரம் தாங்கிக்கொண்டது. இரண்டு கிலோ உரித்து முடிகிற வரைக்கும் ருக்மணி அரை விரற்கடைகூட அசையவில்லை.

"இது நல்லா இருக்குதுங்க தம்பி, தூக்கவே மாட்டேங்குது" என்றாள்.

பிறகு சாரதாமணி கானடாவைப் பாடினாள். அந்த ராகத்தின் காந்தாரம் ஓர் இடத்தில் நிற்பதில்லை, கிணற்றில் இறங்கும் குடம்போல ஆடி ஆடித்தான் இறங்கும். அவள் தொண்டையில் அது இறங்கியது, அவன் விரல் அதைப் பின்தொடர்ந்து கம்பியை இழுத்தபோது விரல் நுனி மரத்தில் வழுக்கி, கம்பி கைநழுவி, பாதி வழியில் மொட்டையாக நின்றது. இரண்டாம் தடவையும் அப்படியே. மூன்றாம் தடவை அந்த இடத்தைத் தொடாமல் தாண்டிப் போனான்.

"பரவால்ல நாகு" என்றாள் சாரதாமணி. "கல்யாண வீட்டுக்கு இதுவே போதும்."

அவள் மனசாரத்தான் சொன்னாள். ஆனால் நாகமாணிக்கத்துக்கு அந்தக் குரலை நன்றாகத் தெரியும். இவனுகளுக்கு இது போதும் என்று பதினெட்டு வருஷமாக அவன் ஊரைப் பார்த்துச் சொல்லிவந்த குரல் அது. திருப்புளி கேட்டு வாங்கி, அங்கேயே நடையில் உட்கார்ந்து புதுக் கழுத்தைக் கழற்றி, பள்ளம் வெட்டிய பழைய கழுத்தை மாட்டினான்.

"மறுபடியுமா?" என்றாள் அவள்.

"அதுல வாசிச்சா என்ற தப்பை மரம் மூடி மறைச்சுருதுக்கா. நீங்க பாடறது அதுல வராது. இதுல வரும். கைதான் வரலை."

"கல்யாணத்துக்கு ஒரு மாசம்தான் இருக்குது."

"ருக்மணியக்கா தினமும் வெங்காயம் உரிப்பாங்கல்ல?"

உரித்தாள். தினமும் காலை பத்து மணிக்கு வெங்காய மூட்டையோடு வந்து பாயில் உட்கார்ந்தாள், அவன் எதிரே உட்கார்ந்து ஒரே ஒரு ஸ்வரத்தை எடுத்து வாசித்தான். முதல் வாரம் ருக்மணி பாயில் இருந்த நேரத்தைவிட அந்தரத்தில் இருந்த நேரம்தான் அதிகம். "தம்பி, தூக்குது பாருங்க" என்பாள், உரிப்பதை நிறுத்தாமலே. தோல்கள் அவளுக்குக் கீழே சிவப்பாக உதிர்ந்து பாயில் விழுந்தன. அவன் கையைத் தளர்த்தினால் தகட்டில் கம்பி கரகரவென்று அடித்தது. கூடுதலாக அமுக்கினால் ருக்மணி. இரண்டுக்கும் நடுவில் அரிசியின் கனம் அளவுக்கு ஓர் இடம் இருந்தது, அந்த இடம் அவன் காதுக்குச் சோகை பிடித்ததாகவே கேட்டது, அங்கேதான் நிற்க வேண்டியிருந்தது. தன் காதை நம்பாமல், வெங்காயம் உரிக்கும் ஒரு பொம்பளையின் இருப்பை நம்பி வாசிக்க வேண்டி வந்ததே என்று முதல் நாட்களில் அவனுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. எரிந்த நாளிலெல்லாம் கை தானாக இறுகி அவள் இன்னும் உயரத்துக்குப் போனாள். "யார் மேல கோபமுங்க தம்பி?" என்று ஒரு நாள் மேலிருந்தே கேட்டாள். கோபம் ஒரு கல்யாண மஹால் அளவுக்கு இருந்தது, யார் பெயரைச் சொல்வது?

மூன்றாம் வாரம் நடுவில், ஒரு செவ்வாய்க்கிழமை, கானடாவின் அந்த இறக்கத்தை முழுதாக இறங்கி முடித்துவிட்டு நிமிர்ந்தபோது ருக்மணி பாயில் உட்கார்ந்தபடியே இருந்தாள். கையிலிருந்த வெங்காயம் பாதி உரித்தபடி இருந்தது. "அது என்னங்க தம்பி அது, ஒருக்கா மறுபடி வாசிங்க" என்றாள். அவளுக்கு என்ன கேட்டது, என்ன கேட்கவில்லை என்று நாகமாணிக்கத்துக்குத் தெரியாது. முதன்முறையாக அதைத் தெரிந்துகொள்ள அவனுக்கு அவசியமும் தோன்றவில்லை. மறுபடி வாசித்தான்.

தை மாதம் பன்னிரண்டாம் தேதி, அன்னலட்சுமி மஹால். மாப்பிள்ளை வீட்டார் இரண்டு பஸ்ஸில் வந்து இறங்கினார்கள், அவர்களுக்கு முன்னால் மாப்பிள்ளையின் தாய்மாமன் சென்னியப்பன் வந்தார், கரும்பு ஆலைக்காரர், கழுத்துப் பொத்தான் போட முடியாத அளவுக்குக் கழுத்து. வாசலிலேயே ஜெகநாதனைப் பிடித்து, "எங்க பக்கத்து ஆளுக பாதிப்பேரு இதைப் பாக்கறதுக்குத்தான் வந்திருக்கறாங்க. முழத்துக்குக் கொறையக் கூடாது" என்றார். ஜெகநாதன் சிரித்துத் தலையாட்டிவிட்டு, நாகமாணிக்கத்தின் முகத்தைப் பார்த்து, சிரிப்பைப் பாதியில் விழுங்கினார்.

பெண்கள் புடவைக் கரையில் ஊக்குக் குத்திக்கொண்டு தயாராக இருந்தார்கள். ஆண்கள் பைகளைத் தடவிப் பேனா, சீப்பு, கைபேசி எல்லாம் பத்திரமா என்று பார்த்துக்கொண்டார்கள். புகைப்படக்காரர் குப்புறப் படுத்துவிட்டார். சாரதாமணி மகளின் தலையைத் தொட்டுவிட்டு மைக்குக்கு வந்தாள், கானடாவைத் தொடங்கினாள், நாகமாணிக்கம் கம்பியைத் தொட்டான்.

ஒருவரும் எழும்பவில்லை. பல்லவி போயிற்று, அனுபல்லவி போயிற்று, ஆயிரத்து நானூறு உள்ளங்கால்களும் அன்னலட்சுமி மஹாலின் தரையில் கிடந்தன. ஜனங்கள் முதலில் குதிகாலைத் தூக்கிக் கொடுத்துப் பார்த்தார்கள், பிறகு ஒருவரை ஒருவர் பார்த்தார்கள், பிறகு பார்ப்பதற்குக் கீழே ஒன்றுமில்லாததால் வேறு வழியின்றி மேடையைப் பார்த்தார்கள். காந்தாரம் ஆடி ஆடி இறங்கியது. சாரதாமணியின் குரலும் கிடாரும் ஒரே குடத்தின் இரண்டு பக்கம்போலச் சேர்ந்து இறங்கின. மணவறை நாற்காலியில் நித்யகலா வாயில் வைத்த லட்டை மெல்லாமல் உட்கார்ந்திருந்தாள். மூன்றாம் வரிசையில் யாரோ ஒருத்தி மூக்கைச் சிந்தினாள், சளியாகவும் இருக்கலாம். முக்கால்வாசிப் பேர் எழுந்து பந்திக்குப் போனார்கள். பாட்டு முடிந்ததும் மிச்சமிருந்தவர்களில் சிலர் தட்டினார்கள், சிலர் தட்ட மறந்தார்கள், மறந்தவர்களை நாகமாணிக்கம் ஒவ்வொரு முகமாகப் பார்த்தான்.

சென்னியப்பன் மேடைப்படி ஏறி வந்துவிட்டார். முகம் ஆலைக் கொப்பரைபோலக் கொதித்தது.

"என்னய்யா இது? ஒரு ஈர்க்குகூட ஏறலை! எங்களை என்ன இளிச்சவாயனுகன்னு நெனச்சீங்களா? நல்லா அமுக்கி வாசி!"

"ஏறாதுங்க" என்றான் நாகமாணிக்கம். "இனி ஏறாதுங்க."

"ஏன் ஏறாது?"

"சுருதி சரியா இருக்குதுங்க."

"சரியா இருந்து என்னய்யா பிரயோஜனம்?"

நாலு மாதத்துக்கு முன்னால் என்றால் அந்தக் கேள்விக்கு நாகமாணிக்கத்திடம் நாற்பது பதில் இருந்திருக்கும், ஒவ்வொன்றும் அந்தத் தடித்த கழுத்தைச் சுற்றிக் கட்டித் தொங்கவிடுகிற மாதிரி இருந்திருக்கும். இப்போது அவன் நிஜமாகவே யோசித்தான். நல்ல கேள்வியாகத்தான் பட்டது. ஜெகநாதன் பின்னாலிருந்து கையைப் பிசைந்தார், சென்னியப்பன் இடுப்பில் கைவைத்துப் பதிலுக்குக் காத்து நின்றார், கீழே ருக்மணி இரண்டு நாற்காலி தாண்டி முன்னால் வந்து உட்கார்ந்தாள். அதற்குள் சாரதாமணி, இவர்கள் யாரையும் பார்க்காமல், அடுத்த பாட்டின் முதல் வரியை எடுத்துவிட்டாள். நாகமாணிக்கம், "கொஞ்சம் தள்ளிக்குங்க" என்று சென்னியப்பனிடம் மரியாதையாகச் சொல்லிவிட்டு, அவள் குரல் எந்த ஸ்வரத்தில் நிற்கிறது என்று காதால் கேட்டு, கம்பியில் அந்த இடத்துக்கு விரலைக் கொண்டுபோனான்.